மார்க்கரக்காவின் கை அளவு

அந்தச் சட்டைக் கையை இரண்டு முதுகுத் துண்டுகளுக்கு நடுவில் நுழைத்துவிடலாம் என்று அவள் கண்டுபிடித்த அதே நொடியில் மணிக்கட்டில் சுளீரென்று தெறித்தது. திரையில் அந்தத் துண்டு தலைகீழாகத் திரும்பி, இடுக்குக்கு நேர் மேலே வந்து நின்றிருந்தது. இன்னும் ஒரு நூலிழை தள்ளினால் உட்கார்ந்துவிடும். விரல் தானாக மவுஸை விட்டது. துண்டு நழுவிப் போய் ஒரு காலரின் மேல் விழுந்து, தப்பு தப்பு என்று சிவந்தது.

“என்ன தங்கச்சி, எலி கடிச்சிருச்சா?” என்றார் பின்னால் நின்ற கட்டிங் மாஸ்டர்.

“கடிச்சாக்கூடப் பரவால்ல மாஸ்டர். கவ்விப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது.”

அந்தத் தையல் கம்பெனியில் அவளுக்கு மார்க்கரக்கா என்றுதான் பெயர். மார்க்கர் என்பது துணி வெட்டுமுன் போடுகிற வரைபடம். எட்டு சட்டை தைக்க வேண்டுமா, எட்டின் முதுகும் முன்பக்கமும் கையும் காலரும் பாக்கெட்டும், நீளமாக விரித்த ஒரே துணிக்குள் எப்படி நெருக்கி உட்காரும் என்று முதலில் கணினியில் அடுக்கிப் பார்க்க வேண்டும். நெருக்கம் கூடக்கூடத் துணி மிச்சம். கூட்டமான பேருந்தில் நடத்துநர் ஆட்களை உள்ளே தள்ளிக்கொண்டே போவாரே, அந்த வேலைதான். ஆனால் இங்கே யாரும் யார் காலையும் மிதிக்கக் கூடாது. ஒவ்வொரு துண்டையும் மவுஸால் பிடித்து, தூக்கி, திருப்பி, இடுக்கில் செருகி, விட வேண்டும். பதினெட்டு வருடமாக அவள் அதைச் செய்கிறாள். அவள் கண்ணுக்கு உலகமே துண்டுகளாகத்தான் தெரியும். அலமாரியில் பாத்திரம் அடுக்கினாலும், பெட்டியில் துணி மடித்து வைத்தாலும் ஒரு விரல் இடம் வீணாகாது. சும்மா இருக்கும்போதுகூட எதிரே உட்கார்ந்திருப்பவரின் காதை மூக்குக்குப் பக்கத்தில் திருப்பி வைத்தால் எவ்வளவு இடம் மிச்சமாகும் என்று யோசிக்கிற ஆள். அந்த வேலை மேல் அவ்வளவு பித்து.

கை சிவப்புத் துண்டை விட்ட அந்த நேரம் பார்த்தா மேனேஜர் மேடம் கதவைத் திறக்க வேண்டும்? அவளைவிடப் பத்து வயது இளையவர். குரலை உயர்த்தாமலே ஒரு மாடியை அடக்கிவிடுவார். திரையைப் பார்த்தார். மேசைக்கடியில் அவள் அவசரமாக மறைத்த கையைப் பார்த்தார்.

“எவ்வளவு நாளாக்கா?”

“ரெண்டு மாசம் இருக்கும் மேடம்.”

“டாக்டர்கிட்ட?”

“போனேன். ஓய்வு குடுக்கணுமாம். இல்லன்னா மவுஸையாவது மாத்திப் பாருங்கன்னாரு.”

மேடம் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். “சனிக்கிழமை ஆஸ்பத்திரி ஆர்டர் இருக்கு. எட்டு சைஸ், பதினோரு மீட்டருக்குள்ள உக்காரணும். பன்னெண்டு மணிக்கு மாஸ்டர் கையில பேப்பர் போயாகணும். முடியலன்னா சொல்லிடுங்க, தப்பே இல்ல. செக்கிங் டேபிளுக்கு மாத்திடறேன், கைக்கு நோவு இருக்காது. இந்த சீட்டுக்கு வேற யூனிட்லேர்ந்து ஆள் கேக்கறேன்” என்றார்.

செக்கிங் டேபிள் என்றால் தைத்து முடிந்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்கிற இடம். கௌரவமான வேலைதான். ஆனால் அங்கே எல்லாம் முடிந்துபோய் வரும். எதையும் எங்கேயும் நுழைக்க முடியாது.

“மவுஸை மாத்திக் குடுங்க மேடம். சனிக்கிழமை நானே போட்டுக் காட்டறேன்.”

“சரி. எது வேணும்னு பாத்துச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவதான் வரவழைப்பேன்.”

அன்று திங்கட்கிழமை. சாயங்காலம் வீட்டுக்குப் போனவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. பயமாக இருந்திருக்க வேண்டியவளுக்கு ஒரே குதூகலம்! பதினெட்டு வருடமாக உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டிருந்த ஒரு பொருளைப் பற்றி அவள் ஒரு நாளும் நினைத்ததே இல்லை. அது கம்பெனி கொடுத்தது, மேசையில் கிடந்தது, பிடித்தாள், அவ்வளவுதான். இப்போது கைபேசியைத் திறந்தால் அடேயப்பா, மவுஸில்தான் எத்தனை சாதி! தட்டையாகப் படுத்தது, ஆமை முதுகாக உப்பியது, பக்கவாட்டில் நிமிர்ந்து நின்று கை குலுக்க வருவது, ஒரு உருண்டையை வயிற்றில் வைத்துக்கொண்டு இருந்த இடத்தைவிட்டு நகராத சோம்பேறி. ஒவ்வொன்றின் கீழேயும் நூறு பேர் தங்கள் மணிக்கட்டுக் கதையை எழுதி வைத்திருந்தார்கள். அவள் சொந்தக்காரர்களின் கடிதம் படிக்கிற மாதிரி ஒன்றுவிடாமல் படித்தாள்.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பக்கத்தில் படுத்துக்கொண்டு கொட்டாவி விட்டார்.

“என்னைத் தேர்ந்தெடுக்கறப்பக்கூட நீ இவ்வளவு யோசிச்சிருக்க மாட்ட.”

“யோசிச்சிருந்தா இந்நேரம் வேற வீட்ல இருந்திருப்பேங்க.”

“அந்த வீட்லயும் இப்படித்தான் அவன் தூக்கத்தக் கெடுத்திருப்ப. பாவம், யாரோ தப்பிச்சான்.”

கடைசியில் நிமிர்ந்து நிற்கும் ஒன்றில் மனம் நின்றது. கையைக் கவிழ்க்காமல், டம்ளரைப் பிடிப்பது போலப் பிடித்தால் போதுமாம். மூன்று அளவுகளில் வருகிறது. கையின் நீளமும் அகலமும் அனுப்பினால் பொருத்தமான அளவை அவர்களே அனுப்புவார்கள்.

மறுநாள் காலை அந்த விவரத்தை அவள் சொல்லி முடிக்கும் முன்பே கட்டிங் மாஸ்டர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார். அறுபதை நெருங்குகிறவர். கத்தரியோடும் சாக்கட்டியோடும் வளர்ந்தவர். கணினியை இதுவரை தொட்டதில்லை.

“நகரு. கை அளவெடுக்க உனக்கென்ன தெரியும்? ஊர்ல உள்ள கையெல்லாம் அளந்தவன் நான்.”

அவள் வலது கையைப் பழுப்பு அட்டையில் பதிய வைத்து, பென்சிலால் விரல் விரலாகச் சுற்றி வந்து, கத்தரியை எடுத்தார். ஒரே ஓட்டம். அரை நிமிடத்தில் அட்டைக் கை ஒன்று மேசையில் கிடந்தது. அறையே எழுந்து வந்து பார்த்தது. அவள் அதை டேப்பால் அளந்து, நீளம் ஏழரை, அகலம் நாலு என்று எழுதி, மேடத்திடம் கொடுத்துவிட்டு வந்தாள். கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கு வலித்தபோதெல்லாம், “இரு இரு, உனக்கு ஆள் வருது” என்று கையிடம் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் பெட்டி வந்தது. சாப்பாட்டு நேரம். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர்களும் உண்டு. அவள் கையைக் கழுவி, துடைத்து, இன்னொரு தடவை துடைத்து, பெட்டியைப் பிரித்தாள். கறுப்பாக, வழவழப்பாக, ஒரு சின்னக் கப்பலைப் போல வெளியே வந்தது. “ஆகா!” என்று ஒரு குரல். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை வைத்தாள்.

அப்பாவின் செருப்புக்குள் காலை விட்ட குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். அப்படி இருந்தது. நடுச் சக்கரம் எங்கேயோ தூரத்தில். ஆள்காட்டி விரலை நீட்டினால் உள்ளங்கை விலகுகிறது. உள்ளங்கையை வைத்தால் விரல் எட்டவில்லை. கட்டைவிரல் பிடிப்பில்லாமல் அந்தரத்தில் தொங்கியது. இடுக்கி இடுக்கி ஒரு துண்டை நகர்த்தினாள். முழங்கை வரை விண்ணென்றது.

“அளவு மாத்தி அனுப்பிட்டானுங்க, களவாணிப் பசங்க” என்றார் மாஸ்டர். ஆனால் பெட்டியோடு வந்த சீட்டில் அவள் எழுதிய அளவுதான் அச்சாகியிருந்தது. அவள் இழுப்பறையிலிருந்து அந்த அட்டைக் கையை எடுத்து, அதன் மேல் தன் கையை வைத்தாள். விரல்களைச் சுற்றிலும், மணிக்கட்டின் கீழும், பழுப்பு அட்டை ஒரே சீராக எட்டிப் பார்த்தது.

மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இறக்கினார். முகம் சுருங்கிப் போயிற்று.

“தையலுக்கு விட்டுட்டேன் தங்கச்சி.”

“என்னது?”

“பழக்கதோஷம். கத்தரி தானா விட்டிருச்சு. சுத்தி கால் அங்குலம்.”

துணியில் எதை வெட்டினாலும், பிடித்துத் தைப்பதற்கென்று கோட்டுக்கு வெளியே கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவார்கள். நாற்பது வருடக் கத்தரிக்கு அது கை என்று எப்படித் தெரியும்? அவள் அட்டையைப் பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“மாஸ்டர், நானும் விட்டேன்.”

“எது?”

“அட்டையில வர்றது சுத்த அளவுதானே, தையல் எடம் கம்ப்யூட்டர்ல நாமதானே சேக்கணும்னு… அளந்து எழுதறப்ப நானும் நாலு பக்கமும் கால் அங்குலம் சேத்துட்டேன்.”

யாரோ களுக்கென்றார்கள். அவ்வளவுதான். மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் மேசை மேல் கவிழ்ந்து, தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சத்தம் கேட்டு வந்த மேனேஜர் மேடம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ரெண்டு பேரும் சேந்து அந்தக் கைக்குத் தையல் போடப் போறீங்களா?” என்று கேட்டபோது அவர் உதடும் துடித்தது. ஆனால் கதவருகே போனவர் திரும்பினார். “நாளைக்கு ஒரு நாள்தான்க்கா இருக்கு” என்றார். சிரிப்பு அப்படியே அணைந்தது.

அந்தக் கறுப்புக் கப்பல் மேசையில் அநாதையாகக் கிடந்தது. மாஸ்டர் குற்றவுணர்ச்சியோடு அதைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய பெரிய கை அதில் அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது. திரையில் அம்பு ஓடியது. “அட!” என்று கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் கணவர் வேனைத் திருப்பிக்கொண்டு வந்து கம்பெனி வாசலில் நின்றார். கணினிச் சாமான் விற்கும் கடை பெரிய சாலையில் இருந்தது. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து இரண்டை எடுத்து வைத்தார். அவள் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னாள். படத்தைப் பார்த்து ஒரு தடவை ஏமாந்தாயிற்று. சட்டையை மாட்டி வைத்த நிலையில் பார்த்து என்ன தெரியும்? போட்டு, கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து எழுந்தால்தானே எங்கே பிடிக்கிறது என்று தெரியும்? கல்லா மேல் இருந்த கணினியில் சீட்டாட்டத்தைத் திறக்கச் சொன்னாள். சீட்டைப் பிடித்து, தூக்கி, இன்னொரு வரிசையில் விடுவது கிட்டத்தட்ட அவள் வேலைதான். ஒவ்வொரு மவுஸுக்கும் ஒரு முழு ஆட்டம்.

“மூணாவது எப்படி?” என்றார் முக்காலியில் உட்கார்ந்திருந்த கணவர்.

“சுண்டுவிரல் மேசைல தேயுது.”

“அஞ்சாவது?”

“சக்கரம் கட்டகட்டன்னு சத்தம் போடுது. உங்க வேன் மாதிரி.”

கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். “அக்கா, வாங்கறீங்களா, இல்ல குடியேறப் போறீங்களா?”

“இன்னும் நாலுதான் தம்பி. கோச்சுக்காதீங்க.”

எட்டாவது ஆட்டத்தின் நடுவில் அவள் நின்றுவிட்டாள். ஏதோ ஒன்று குறைந்தது. என்ன குறைகிறது என்று தேடினாள். வலி! முக்கால் மணி நேரமாகச் சீட்டை இழுத்துக்கொண்டிருக்கிறாள், மணிக்கட்டு முணுமுணுக்கக்கூட இல்லை. அவசரமாகப் பெட்டியில் துழாவி, கம்பெனியில் இருக்கிற அதே தட்டை மவுஸின் கூடப்பிறந்ததைக் கண்டுபிடித்து எடுத்தாள். அதை வைத்து ஒரு ஆட்டம் ஆடினாள். வலிக்கவில்லை. இன்னொன்று. வலிக்கவில்லை. இது என்ன மாயம்?

அவள் தன்னையே பார்த்தாள், ஒரு சட்டையைப் பார்ப்பது போல. நின்றுகொண்டிருக்கிறாள். கல்லா இடுப்புயரம்தான். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கிறது, தோள் தானாகத் தொங்குகிறது. கம்பெனியில்? அந்த மேசை முன்பு காகிதத்தில் மாதிரி வெட்டியவர்கள் நின்றுகொண்டு வேலை செய்த மேசை. உட்கார்ந்தால் நெஞ்சு உயரம் வரும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தோளைத் தூக்கி, நீளமான விசைப்பலகைக்கு அந்தப் பக்கம் எட்டி, அங்கே மவுஸைப் பிடிக்கிறாள். பதினெட்டு வருடமாக!

சட்டையின் கை நுனியில் சுருக்கம் விழுகிறது, அங்கே பிரித்துத் தைத்துக் கொடுங்கள் என்று கேட்டு அவள் வீட்டுக்கு வருபவர்கள் உண்டு. அவள் கை நுனியைத் தொடவே மாட்டாள். நேரே தோளுக்குப் போவாள். கைக்குழியின் வளைவு தப்பாக இருக்கும். இழுப்பு அங்கே, சுருக்கம் இங்கே. எத்தனை பேருக்கு இதை விளக்கியிருக்கிறாள்!

“என்னங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் கடைக்காரர் கையிலிருந்த பெட்டி நழுவியது. “நோவு இங்க இல்லங்க. தோள்ல! மேசைல!”

“அப்ப மவுஸ் வேணாமா?” என்றார் கடைக்காரர், அழாத குறையாக.

“வேணும் தம்பி, வேணும். சட்டைக்குத் தோளும் சரியா இருக்கணும், கையும் சரியா இருக்கணும்.” ஏழாவதாக வைத்திருந்ததை எடுத்தாள். சின்னது, சாம்பல் நிறம், ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும். முழுக்க நிமிர்ந்ததும் இல்லை, படுத்ததும் இல்லை. உள்ளங்கைக் குழியில் அது உட்காரும் விதம், நன்றாக வெட்டிய காலர் கழுத்தில் உட்காருவது போல இருந்தது. விரல் நீட்டாமலே சக்கரம் எட்டியது. வேனில் திரும்பும்போது அதைப் பெட்டியில் போடாமல் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை அந்த அறை பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மாஸ்டர் அவள் நாற்காலியின் கால்களுக்கடியில் மரக்கட்டைகளை அடித்து உயர்த்தினார். கால் தொங்கியது, இரண்டு துணிக் கட்டுகளைக் கொண்டுவந்து பாதத்துக்கடியில் போட்டார். நீள விசைப்பலகை இடது பக்கம் ஒதுங்கியது. அவள் உட்கார, “தோளை விடு, விடு, இன்னும் விடு” என்று அவர் அளவெடுக்கிற கண்ணால் பார்த்து அதட்டினார். “இப்பத்தான் தோள் தோளா இருக்கு. தையலுக்கு ஒண்ணும் விடல, பயப்படாத” என்றார்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள் திரையின் ஓரத்தில் வரிசை கட்டி நின்றன. அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மார்க்கர் எத்தனை மீட்டர் ஆகிறது என்று திரையின் மூலையில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைத்துவிடுவாள். எண்ணைப் பார்த்தால் கை பதறும். துண்டை மட்டும் பார்த்தால் துண்டு தானாக இடம் சொல்லும்.

முதுகுகள் முதலில், எட்டும் ஒன்றையொன்று முட்டாமல். அப்புறம் முன்பக்கங்கள். கைகள் தலைமாற்றி, ஒன்றின் வளைவு இன்னொன்றின் பள்ளத்தில். ஒன்பதரைக்குள் பெரிசெல்லாம் உட்கார்ந்துவிட்டது. சிறிசுகளை இடுக்குகளில் தூவத் தொடங்கினாள். வலியே இல்லை என்று பொய் சொல்லக் கூடாது. பத்தே முக்காலுக்கு மணிக்கட்டில் லேசாக ஒரு சூடு தெரிந்தது. மூச்சை விட்டாள், தோளை விட்டாள், சாம்பல் மவுஸை இன்னும் உடம்போடு சேர்த்து இழுத்துக்கொண்டாள். சூடு அங்கேயே நின்றது, மேலே ஏறவில்லை. ஏறாதது போதும். பதினொன்றே காலுக்கு இரண்டு பாக்கெட்டுகள் மட்டும் கடைசி வரிசைக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. எங்கே போட்டாலும் சிவப்பு. மூன்றாவது முதுகை ஒரு நூல் மேலே தள்ளினாள். அதற்காக ஒரு கையைத் திருப்பினாள். அதற்காக நாலு காலரைக் கலைத்தாள். பின்னால் ஆட்கள் வந்து நிற்பது அவளுக்குத் தெரியவில்லை. கலைத்ததெல்லாம் மறுபடி கூடி வர, நடுவில் சின்னதாக ஒரு சந்து திறந்தது. ஐயோ, எவ்வளவு அழகான சந்து! முதல் பாக்கெட் போயிற்று. இரண்டாவதைத் திருப்பி, மூச்சை நிறுத்தி, விட்டாள். சிவக்கவில்லை.

“அக்கா, மணி பன்னெண்டு” என்றார் மேனேஜர் மேடம். “அனுப்புங்க.”

காகிதத்தைப் பிரித்து எண்ணைப் பார்க்க நேரமில்லை. பொத்தானை அமுக்கினாள். வெட்டும் அறையின் அந்தக் கோடியில், அகலக் காகிதத்தில் வரைந்து தள்ளும் எந்திரம் உறுமிக்கொண்டு எழுந்தது. எல்லாரும் ஓடினார்கள். மாஸ்டர் வெட்டு மேசையின் ஓரமாக மீட்டர் மீட்டராக நடந்து போய், பதினொன்றில் சாக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

வெள்ளைக் காகிதம் நீல வரிகளோடு மேசையில் ஊர்ந்து வந்தது. முதுகுகள் வந்தன. கைகள் வந்தன. நாலு மீட்டர், ஆறு மீட்டர். தையல் வரிசையிலிருந்து எழுந்து வந்தவர்கள் இரு பக்கமும் நின்று, காகிதம் சுருண்டுகொள்ளாமல் உள்ளங்கையால் தடவி விட்டுக்கொண்டே வந்தார்கள். எட்டு. ஒன்பது. அவள் காகிதத்தோடு கூடவே நடந்தாள், நடை பழகும் பிள்ளையோடு நடப்பது போல. “வா, வா” என்று யாரோ சொன்னார்கள், அவளேதானோ என்னவோ. பத்தரை தாண்டியது. அந்த இரண்டு பாக்கெட்டுகள் வந்து கடந்து போயின. காகிதம் கோட்டை நோக்கி வந்தது, இன்னும் வந்தது, எந்திரம் ஒரு விக்கல் விக்கி, கடைசிக் கோட்டை இழுத்து, நின்றது.

மேனேஜர் மேடம் குனிந்தார். காகிதத்தின் விளிம்புக்கும் சாக்கட்டிக் கோட்டுக்கும் நடுவே இருந்த வெற்று மேசையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்தார். இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. விரல் நுனியில் சாக்கட்டிப் பொடி ஒட்டுவதையும் பொருட்படுத்தாமல், எடுக்க மனமில்லாதவர் போல, அவர் அவற்றை அங்கேயே வைத்திருந்தார்.